தெருக்குத்து மனை

இங்கிலாந்தில் வீடு கட்டுகிறவன் வெயிலைத் தேடிப் போகிறான். இந்த உண்மை எனக்குத் தெரியவந்தது மலாயாவின் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸின் தகரக் கூரைக்குக் கீழே, முதுகில் வியர்வை வழியப் பாடம் படித்துக்கொண்டிருந்தபோதுதான். முன்னறைச் சன்னல் தெற்கே பார்க்க வேண்டும், பகல் முழுக்க வெயில் வீட்டுக்குள் விழ வேண்டும், அப்படிப்பட்ட மனைக்கு மதிப்பு அதிகம் என்று எழுதியிருந்தது. நான் அதைத் தமிழில் சத்தமாகச் சொன்னேன். அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"வெயிலு உள்ள வர்றதுக்கா காசு குடுக்கிறாங்க? இங்க வரச் சொல்லு அவங்கள. நான் சும்மாவே தரேன்."

அந்தக் காலத்தில் மலாயாவில் பல்கலைக்கழகம் என்று ஒன்று கிடையாது. இலண்டனில் ஒரு கல்லூரி, நேரில் வந்து படிக்க வசதியில்லாதவர்களுக்குத் தபாலில் பாடம் நடத்தியது. நிலத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது, அதை எப்படி மனைகளாகப் பிரிப்பது, சாலையை எங்கே விடுவது, வெறும் காடு எப்படி ஊராகிறது, இதெல்லாம்தான் படிப்பு. பாடம் கப்பலில் வரும். நாங்கள் எழுதிய விடை கப்பலில் போகும். திருத்திய தாள் திரும்பி வருவதற்குள் எழுதியவனுக்கே தான் என்ன எழுதினோம் என்பது மறந்துபோயிருக்கும்.

நாங்கள் என்றால் நானும் என் நண்பர் ஒருவரும். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவை ஆபீஸில் படம் வரைகிற வேலை. நான் ஒரு வெள்ளைக்காரரின் நில ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தா. இருவரும் சேர்ந்து ஒரே ஒரு செட் புத்தகம் வாங்கி, மாற்றி மாற்றிப் படித்தோம். அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அட்டைக்கு மேலே செய்தித்தாள் உறை போட்டிருக்கும். நான் கொடுக்கும்போது அதில் சாம்பார் வாசம் வரும். "உம்மட புத்தகத்தைப் படிச்சா எனக்குப் பசிக்குது" என்பார்.

எனக்கு இந்தப் படிப்பில் ஏன் இவ்வளவு வெறி என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தோட்டங்களுக்காகவும் ஈயச் சுரங்கங்களுக்காகவும் எத்தனையோ நிலத்தை அளப்பதை உடன் நின்று பார்த்திருக்கிறேன். அளவுச் சங்கிலி இழுத்தவர்கள் தமிழர்கள், காட்டை வெட்டியவர்கள் தமிழர்கள், சாலை போட்டவர்களும் தமிழர்கள்தான். வேலை முடிந்ததும் எல்லோரும் யாரோ கொடுத்த லயத்துக்கோ குவார்ட்டர்ஸுக்கோ திரும்பிப் போனார்கள். எங்கள் பேரில் ஒரு கிராண்டு, அதாவது ஒரு நிலப்பத்திரம், எந்த ஆபீஸ் அலமாரியிலும் நான் அதிகம் பார்த்ததில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சல் வந்தால் நான் படிப்பேன், அது என் சுபாவம்.

நான் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்கா வீடு என்றால் ரயில்வே பட்டறை அத்தானுக்குக் கொடுத்த வீடு. அத்தான் அங்கே பிட்டர். இரும்போடு பழகிப் பழகி அவரும் அந்த ரகமாகிவிட்டிருந்தார், சூடாக்காமல் வளைக்க முடியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார். மற்ற நாட்களில் பேச்சு குறைவு.

ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷங்கள் அவை. ரப்பர் படுத்தால் ரயிலில் சரக்கு இல்லை, சரக்கு இல்லாவிட்டால் பட்டறையில் வேலை இல்லை. ஆள் குறைத்தார்கள். அத்தானுடைய முறையும் வந்தது. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும், அதுதான் சட்டம்; காலி செய்யச் சில மாத அவகாசம் மட்டும் கொடுத்தார்கள். அத்தான் பாசாருக்குப் போய்ப் பச்சைப் பெயிண்ட் அடித்த பெரிய டிரங்குப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து முன்னறை நடுவில் வைத்தார்.

"ஊருக்குப் போயிடலாம்" என்றார்.

அக்கா அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து நின்றாள்.

"எந்த ஊருக்கு? உங்க அண்ணன் தம்பியெல்லாம் பாகம் பிரிச்சு முடிச்சிட்டாங்க. அங்க போயி யாரு வாசல்ல நிக்கிறது? எம் புள்ளைங்க ரெண்டும் இங்கதான் பொறந்துச்சு. நான் கப்பல் ஏறமாட்டேன்."

"அப்ப எங்க இருப்ப? ஸ்டேஷன்லயா?"

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். என்னைப் பார்த்தாள். நிலம், மனை என்று நாள் முழுக்க வாய் கிழியப் பேசுகிற தம்பியைப் பார்க்காமல் வேறு யாரைப் பார்ப்பாள்? என் அக்காவுக்கு இந்த மண்ணில் ஒரு மனை வேண்டும். அன்றிலிருந்து என் படிப்புக்கு அது ஒன்றே பொருளாகிவிட்டது.

அக்காவைப் போலத் தவித்த குடும்பங்கள் எங்கள் வரிசையில் இன்னும் பல இருந்தன. நண்பர்தான் தகவல் கொண்டுவந்தார். கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, தன்னுடைய சின்ன ரப்பர் தோட்டத்தை விற்கப் போகிறார், மரங்கள் பால் வற்றிக் கிடக்கின்றன, நிலம் மேடு, பெரிய சாலைக்கு அருகில் என்றார். வேலை போகும்போது கொடுத்த பணத்தைப் போட்டு எல்லாரும் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கொரு மனை வரும். தவுக்கே இரண்டு நிபந்தனை போட்டார். நிலத்தை மொத்தமாகத்தான் கொடுப்பார், துண்டுதுண்டாகக் கிடையாது. சீனப் புத்தாண்டுக்கு முன்னால் விஷயம் முடிய வேண்டும், பழைய வருஷத்து வேலையைப் புது வருஷத்துக்கு இழுப்பது அவர்களுக்கு ஆகாது. நாங்கள் வாங்காவிட்டால் ஒரு செங்கல் சூளைக்காரர் வாங்கிக்கொள்வார். சூளைக்காரர் கையில் போன நிலம் என்ன ஆகும் என்று, செங்கல் சூளைகளாலேயே பேர் வந்த பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணை வெட்டிக் குளமாக்கிவிடுவார்கள்.

ஒரு மனைக்கு ஆள் இல்லாமல் போனாலும் அதன் சுமை மற்றவர்கள் தலையில் விழும். தாங்க யாருக்கும் சக்தி இல்லை. ஆகவே எல்லா மனையும் எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். படம் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கல்லூரியும், உண்மையான ஒரு நிலத்தை எடுத்து மனைத்திட்டம் வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தது. பரீட்சையில் அதற்குத்தான் பெரிய பங்கு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று குதித்தேன்.

வீட்டில் மேசை கிடையாது. அத்தானுடைய டிரங்குப் பெட்டிதான் மேசை. கப்பலுக்காக வாங்கிய பெட்டியின் மேல் தாளை விரித்து, போகாமலிருப்பதற்கான ஊரை வரைந்தேன். அத்தான் போகும்போதும் வரும்போதும் பார்ப்பார். "பெட்டியில மை சிந்தாத, மச்சான்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

அழகான படம். இப்போதும் சொல்வேன், அழகான படம். பெரிய சாலையிலிருந்து ஒரு தெரு நேராக உள்ளே போகிறது. இரண்டு பக்கமும் மனைகள். தெரு போய் முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு சின்னத் தெரு. அந்தக் குறுக்குத் தெருவில், வருகிற தெருவை நேருக்கு நேராகப் பார்த்தபடி ஒரு மனை. தெருவில் நுழைகிறவன் கண் நேராகப் போய் அந்த வீட்டில்தான் நிற்கும். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் முதல் விலை என்று பாடம் சொன்னது. அதை மற்ற மனைகளைவிடச் சற்று அகலமாகவே விட்டேன். மனைகளைத் திருவுளச் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பதாக ஏற்பாடு. சாமி முன்னால் சீட்டுகளைக் குலுக்கிப்போட்டு எடுப்பது, யாருக்கு எது வருகிறதோ அது அவருக்கு. ஆனாலும் அந்த மனை அக்காவுக்கு வந்துவிடாதா என்று எனக்குள் ஆசை. பென்சிலால் அங்கே ஒரு முருங்கை மரம்கூடப் போட்டிருந்தேன்.

சீனப் புத்தாண்டு நெருங்குகிற சமயத்தில் திருத்திய தாள் இலண்டனிலிருந்து வந்தது. சிவப்பு மையில் அந்த மனையைச் சுற்றி ஒரு வட்டம். திட்டத்துக்கே மகுடம் இதுதான் என்று ஆசிரியர் பாராட்டியிருந்தார். நண்பர் பொறாமையை மறைக்காமல் சொன்னார். "கோடு கீறினது நான் சொல்லித்தந்த மாதிரி. பேர் மட்டும் உமக்கு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் எல்லாரும் கிள்ளானுக்குப் போனோம். பெண்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் நண்பரும் முந்தைய நாளே போய் ரப்பர் மரங்களுக்கு நடுவே முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, தெருவையும் மனைகளையும் காட்டியிருந்தோம். தவுக்கே தலையில் வட்டத் தொப்பியோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நான் தெருவின் வாயில் நின்று, இது மனை, இது சாக்கடை, இது கிணறு என்று மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணின் பெருமை பேசுவது போலப் பேசினேன். எல்லார் முகத்திலும் வெளிச்சம். அக்கா ஒவ்வொரு மனைக்குள்ளும் நுழைந்து, அடுப்படி இங்கே வரும், குளிக்கிற இடம் அங்கே வரும் என்று கையாலேயே வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தான் மட்டும் அசையவில்லை. தெருமுனையில் நின்று நேராகப் பார்த்தபடி இருந்தார். இரும்புத் தகட்டின் கோணலைப் பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"மச்சான், அந்தக் கடைசி மனை தெருக்குத்தாச்சே."

ஒரே ஒரு சொல். அக்கா அடுப்படி காட்டிக்கொண்டிருந்த கையை இறக்கினாள். தெரு நேராக வந்து குத்துகிற வீட்டில் குடும்பம் விளங்காது, அந்த வழியாக வருகிற தோஷமெல்லாம் வாசலில் வந்து விழும் என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தாய்ப்பாலோடு வந்த அறிவு. எனக்கும்தான். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த தமிழன், தெருக்குத்தைத் தேடிப் பிடித்து, அகலமும் கூட்டி, முருங்கையும் நட்டு வைத்திருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான்.

ஒப்புக்கொண்டிருக்கலாம். எனக்கோ ரோஷம். புத்தகத்தை நீட்டினேன், சிவப்பு மையைக் காட்டினேன், காற்று, வெளிச்சம், பார்வை என்று கத்தினேன். வரிசைவீட்டுக்காரர் ஒருவர் அமைதியாகச் சொன்னார்.

"தம்பி, ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகாதுலா. சீட்டு எனக்கு அந்த மனையத் தூக்கிக் குடுத்துட்டா, எம் பொண்டாட்டி புள்ளைய அங்க எப்பிடி வைக்கிறது? அது உள்ள இருக்கிற வரைக்கும் நான் சீட்டுக்கு வரல."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எழுந்து வந்து எங்கள் பார்வை போன வழியே பார்த்தார். உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சுவே" என்றார். சீனர் பேச்சில் அதற்கு அதிர்ஷ்டங்கெட்டது என்று பொருள். அவர்கள் ஜாதியிலும் தெரு வந்து முட்டுகிற இடத்தில் வீடு கட்டமாட்டார்களாம். ஆக, அந்த மனையை நல்ல மனை என்று நம்பியவர்கள் இந்த உலகத்தில் மூன்றே பேர். நான், என் நண்பர், இலண்டன் ஆசிரியர்.

நண்பர் தலையைச் சொறிந்தார். "எங்கட ஊரிலயும் தெருக்குத்து எண்டா வீடு கட்டமாட்டினம். எனக்கு எப்பிடி இது மறந்துபோச்சுது?"

திரும்பும் ரயிலில் புளிச்சோற்றை யாரும் பிரிக்கவில்லை. அத்தான் சன்னலைப் பார்த்தபடி, "சகுனமே சொல்லுது, நம்ம மண்ணு இது இல்லன்னு" என்றார். அக்கா அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வந்தாள். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டுகிற வரைக்கும் நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தபோது அழுதிருந்தது தெரிந்தது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியை உடைத்தவன் நான். 

அடுத்த ஞாயிறு வரை தவுக்கே அவகாசம் கொடுத்தார். பெட்டியின் மேல் மறுபடி தாளை விரித்தேன். தெருவை வளைத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் சதுப்பு, வளைக்க இடமில்லை. கிணற்றை அங்கே கொண்டுபோனேன், கிணறு இருக்க வேண்டிய மூலை அதுவல்ல என்றார்கள். கடைசியில் பாடத்தில் படித்த ஒரு வித்தை நினைவுக்கு வந்தது. மனைத்திட்டத்தில் ஒரு துண்டை விற்காமல் பொதுத்திடலாக விட்டால், அதைச் சுற்றியுள்ள மனைகளின் மதிப்பு ஏறும். அந்த மனையையே திடலாக விட்டுவிடலாம், எல்லாரும் அதன் விலையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சும்மா கிடக்கப்போகிற நிலத்துக்கு நாங்கள் ஏன் பங்கு கொடுக்க வேண்டும் என்று வீடு வீடாகவே கேட்டார்கள். மதிப்பு ஏறும் என்றேன். விற்கிறவனுக்குத்தானே மதிப்பு, நாங்கள் குடியிருக்கப் போகிறோம் என்றார்கள். தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரத்தின் நடுவில் ஆபீஸிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸுக்குத் திரும்புகிற சந்து ஒரு அரசமரத்தில் போய் முட்டும். மரத்தடியில் ஒரு பிள்ளையார். நினைவு தெரிந்த நாளாக அந்த இடத்தில் செருப்பைக் கழற்றி, தலையில் குட்டிக்கொண்டு, பிறகுதான் வலப்பக்கம் திரும்புவேன். அன்றும் கால் தானாக நின்றது, கை தானாக நெற்றிக்குப் போனது. குட்டிய கை அங்கேயே நின்றுவிட்டது.

தெரு வந்து முட்டுகிற இடம். நேர் எதிரே பிள்ளையார். அவர் அங்கே சும்மா உட்காரவில்லை!

சந்தைத் திரும்பிப் பார்த்தேன். யார் அவரை அங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வைத்தவர் இலண்டனுக்குத் தாள் அனுப்பியவராக இருக்கமாட்டார். தெருவின் குத்தை வாங்கிக்கொள்ள ஒரு சாமி, சாமி இருப்பதால் யாரும் கட்டாத ஒரு வெளி, வெளி இருப்பதால் மரம், மர நிழலில் சாயங்காலம் பத்துப் பேர். என் பாடத்தில் நாலு பக்கத்துக்கு விளக்கியிருந்த பொதுத்திடல் என் மூக்குக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. அதைப் பொதுத்திடல் என்று யாரும் சொல்லாததால் எனக்குத் தெரியவில்லை. செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நண்பர் வீட்டுக்கு ஓடினேன். அவர் படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரு கிழக்கிருந்து மேற்க போகுது. பிள்ளையார் கிழக்குப் பாத்துத்தான் இருப்பார். இஞ்ச பாரும், நீர் பிழையாக் கீறினதும் சரியா வந்திட்டுது" என்றார்.

அன்று சாயங்காலமே குவார்ட்டர்ஸ் முற்றத்தில் எல்லாரையும் கூட்டினேன். இந்த முறை திடல் என்ற வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. அந்த மனை பிள்ளையாருக்கு, அதை எல்லாரும் சேர்ந்து கொடுக்க வேண்டும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ரயிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த அதே ஆட்கள்!

"பிள்ளையாருக்குன்னா குடுக்கமாட்டோமா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா, தம்பி" என்றார் அந்த ஏட்டுச் சுரைக்காய்க்காரர். "கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் இன்னொருவர். நம் சந்துப் பிள்ளையாரையே தூக்கிப்போய்விடலாம், திருட்டுப் பிள்ளையாருக்குத்தான் சக்தி அதிகம் என்று ஒரு குரல் வந்தது. ஒரே சிரிப்பு. மதிப்பு என்பது நிலத்தில் இல்லை, அதைப் பார்க்கிறவர் மனசில் இருக்கிறது என்று பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதை நான் படித்திருந்தேன், அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அத்தான் சிரிக்கவில்லை. சீட்டில் வருகிற மனையை யாருக்காவது விற்றுக் கைமாற்றிவிட்டுக் கப்பல் ஏறலாம் என்பதுதான் அவர் எண்ணம். அதை அக்காவிடம் சொல்லியும்விட்டார். என்னால் அதற்கு மேல் வரைய ஒன்றுமில்லை.

திருத்திய படத்தைக் கல்லூரிக்கு அனுப்பியபோது அந்த இடத்தில் 'விநாயகருக்கு' என்று எழுதியிருந்தேன். வெகு நாள் கழித்துப் பதில் வந்தது. திட்டத்தின் மிகச் சிறந்த மனையை இந்த மனிதருக்கு இலவசமாகக் கொடுத்தது ஏன், அவர் யார் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். தெருக்குத்து, அரசமரம், முற்றத்துக் கூட்டம் எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். மதிப்பெண் கொஞ்சம் கூடியே வந்தது. பின்னாளில் பரீட்சையும் தேறினேன், மதிப்பீட்டாளன் என்று பெயர் போட்டுக்கொள்ளவும் முடிந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

பூஜைச் சாமான், குத்துவிளக்கு, தேங்காய், எல்லார் வீட்டுச் சோற்றுப் பாத்திரம் என்று கொண்டுபோக வேண்டியது நிறைய. அவ்வளவும் கொள்ளுகிற பாத்திரம் வரிசையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அத்தான் முணுமுணுத்துக்கொண்டே டிரங்குப் பெட்டியைக் கொடுத்தார். கீறல் விழக்கூடாது என்று அதை ரயிலில் தானே தூக்கி ஏற்றினார், கிள்ளானில் தானே இறக்கி மாட்டுவண்டியில் வைத்தார்.

கல்லுப் பிள்ளையார் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வரும்வரை, மஞ்சளில் பிடித்துவைத்தால் போதும் என்று முடிவு. அக்கா மஞ்சளைக் குழைத்து உருட்டிப் பிடித்து, அருகம்புல் செருகி, அந்த மனையின் நடுவில் ஒரு பலகையில் வைத்தாள். அவர் முன்னால் சீட்டுக் குலுக்கினோம். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டுப் பெண் எடுத்தாள். அக்காவுக்கு வந்தது பிள்ளையார் மனைக்குப் பக்கத்து மனை. அவள் அந்தச் சீட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு அத்தானைப் பார்த்தாள். அத்தான் வானத்தைப் பார்த்தார்.

வானம் கறுத்திருந்தது. கிள்ளான் மழை சொல்லிக்கொண்டு வராது. முதல் துளி விழுந்ததும் பெண்கள் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு தவுக்கேயின் ரப்பர்ப்பால் கொட்டகைக்கு ஓடினார்கள். நானும் படத்தைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் அக்கா நின்று கத்தினாள்.

"ஐயோ, பிள்ளையார் கரைஞ்சிடுவாரு!"

திரும்பிப் பார்த்தேன். அத்தான் ஓடிக்கொண்டிருந்தார், கொட்டகைப் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம். பெட்டியைத் திறந்து உள்ளே மிச்சமிருந்ததையெல்லாம் புல்லில் கொட்டினார். வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், பலகையில் இருந்த பிள்ளையார்மேல் கவிழ்க்கப் போனவர், சாமியை மூடிவைப்பதா என்று நினைத்தாரோ என்னவோ, பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தினார். திறந்த வாய் கிழக்குப் பார்க்க, பிள்ளையாரைப் பலகையோடு உள்ளே நகர்த்தி வைத்தார். மூடியை மேலே தூக்கித் தன் கையாலேயே சாரல் படாமல் பிடித்துக்கொண்டு, மழை முழுதும் அப்படியே நனைந்தபடி நின்றார். தெரு நேராக அவரிடம்தான் போய் நின்றது.

மழை விட்டதும் எல்லாரும் போனோம். பச்சைப் பெட்டிக்குள் மஞ்சள் பிள்ளையார் மூக்கு நுனி மட்டும் கரைந்து சௌக்கியமாக இருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அத்தான், பெட்டியக் கழுவித் தரட்டுமா? கப்பலுக்கு வேணுமே."

அத்தான் வேட்டியைப் பிழிந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சாமி உக்காந்த பெட்டிய எப்பிடி எடுக்கிறது? கல்லு வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார். பெட்டியின் மூடியைத் துடைத்துவிட்டு, "தெனம் வெளக்கு வைக்க ஆளு வேணும். நான் போயிட்டா இவருக்கு யாரு வைப்பா?" என்றார்.

 அக்கா குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரோடு.

"நான் வாய் விட்டுச் சொன்னேன், காதுல விழல" என்றாள் என்னிடம் மட்டும். "பிள்ளையாரு வாயே தொறக்கல, உங்கத்தான் கேட்டுக்கிட்டாரு பாரு."

பிறகு எழுந்து, புல்லில் கிடந்த பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டு பக்கத்து மனைக்குள் நுழைந்தாள். போன வாரம் கையால் காட்டிய அதே அடுப்படியில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள்.